வன்னி வளவில் குப்பையை எரிக்காமல் என்ன செய்யலாம்?

கேட்கப்பட்டது இது: கிளிநொச்சி மாவட்டத்தில் உள்வீதியொன்றில் அரை ஏக்கர் வளவு, ஐந்து பேர் உள்ள வீடு, வளவுக்குள்ளேயே குடிநீர்க் கிணறு. பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரம் பிரதான வீதியோடு திரும்பிவிடுகிறது. கிழமைக்கொரு தரம் எல்லாவற்றையும் கூட்டி எரிக்கிறார்கள். எரிக்காமல், கூடுதலானதை மீள்சுழற்சிக்கு விட வழி உண்டா?

உண்டு. முதலில் அளவைப் பார்ப்போம். நம் கிராமங்களில் ஓராள் ஒரு நாளில் கழிக்கும் குப்பை அரைக் கிலோவுக்கும் குறைவு. ஐந்து பேருக்கு இரண்டு கிலோ என்று வைத்தால் கிழமைக்குப் பதினான்கு கிலோ. அதில் பாதிக்கு மேல் மரக்கறித் தோல், மீன் செதில், தேங்காய்ப்பூச் சக்கை, மிஞ்சிய சோறு. இவ்வளவும் உங்கள் வளவு மண்ணுக்கே போகலாம். எந்த உழவு இயந்திரமும் வரத் தேவையில்லை. மிச்சத்தில் போத்தல், ரின், காகிதம், கெட்டிப் பிளாஸ்ரிக் என்று விலைபோகக்கூடியவை ஒரு பங்கு. உண்மையில் கழிக்க வழியில்லாதது கடைசியில் ஒரு சிறு மூட்டைதான்.

அப்படியிருக்க ஏன் எல்லாம் நெருப்புக்குப் போகிறது? ஈரமும் உலர்வும் ஒரே வாளியில் விழுவதால். விற்கக்கூடிய போத்தலையும் காகிதத்தையும் குப்பையாக்குவது அவற்றின் மேல் ஊற்றப்படும் மீன் கழுவிய தண்ணீரும் சொதியும்தான். கலந்து நாறிய பிறகு அதைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது, எரிப்பதே சுகமாகத் தெரியும். ஆகவே குசினியில் மூடியுள்ள வாளி ஒன்று ஈரத்துக்கு, வெளித் தாழ்வாரத்தில் உரப்பைகள் உலர்ந்ததுக்கு. இந்த ஒரு பழக்கம் வீட்டில் நிலைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிலைக்காவிட்டால் கீழே சொல்லப்போகும் எதுவும் பயன்தராது.

எரிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. முற்றத்து நெருப்புக்கு வேண்டிய சூடும் காற்றும் கிடைப்பதில்லை. அது புகைந்து புகைந்து அரைகுறையாகவே எரியும். அந்த நிலையில்தான் டயொக்சின் போன்ற நஞ்சுகள் உருவாகின்றன. பிவிசி குழாய்த் துண்டு, பிவிசி வயர் உறை, பிவிசிச் செருப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். அவற்றில் குளோரின் இருக்கிறது. சாம்பலில் தங்கும் ஈயமும் மற்ற உலோகங்களும் மாரி மழையோடு நிலத்துக்குள் இறங்கும், அதே நிலத்தில்தான் உங்கள் கிணறும் இருக்கிறது. 2017 ஏப்ரலில் கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்ரெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் தடைசெய்தபோது, பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதையும் சேர்த்தே தடைசெய்தன.

பலரும் கவனிக்காத இன்னொரு நெருப்பு அடுப்புக்குள் இருக்கிறது. விறகு பற்றவைக்கச் சொப்பிங் பாக், பால்மாப் பக்கெற், ரயர்த் துண்டு போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அந்தப் புகையை மிகக் கிட்டத்தில் நின்று சுவாசிப்பவர் சமைப்பவரும் அவர் இடுப்பிலிருக்கும் குழந்தையும். பன்னாடை, காய்ந்த பாளை, சிரட்டை, ஊமல், காவோலை எல்லாம் வளவில் கிடக்கும்போது இது தேவையே இல்லை. பொலித்தீன் போட்ட அடுப்புச் சாம்பலால் பாத்திரம் விளக்கவும் கூடாது, கீரைப் பாத்திக்குத் தூவவும் கூடாது.

வன்னிக்கே உரிய ஆபத்தும் ஒன்று உண்டு. போருக்குப் பின் மீளக் குடியேறிய காணிகளில், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்தவை உட்பட, மண்ணுக்குள் எஞ்சிய வெடிபொருள் இருக்க இடமுண்டு. அதன் மேல் குப்பையைக் குவித்து எரித்தால் சூட்டில் வெடிக்கும். கிடங்கு வெட்டும்போதும் புதிய மூலையில் அலவாங்கு போடாமல், ஏற்கெனவே கொத்திப் பயிர் செய்த இடத்தில் வெட்டுங்கள். ஐயமான உலோகம் தென்பட்டால் தொடாமல், அடையாளம் வைத்து, ஆட்களை விலக்கி, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்பென்று காட்டில் பொறுக்கி விற்கப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள்.

இனி ஈரக் குப்பை. கூட்டெருவுக்குக் கிடங்கை விட நிலத்தின் மேல் அடைக்கும் கூடு நல்லது, குறிப்பாகப் பூநகரி, பளைப் பக்க மணல் நிலங்களில். அங்கே மாரியில் நிலத்தடி நீர் மிக மேலே வந்து கிடங்கை நிரப்பிவிடும். எங்கே வைத்தாலும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றை விடத் தாழ்ந்த பக்கமாக, மரநிழலில் வையுங்கள். நான்கு கிளிசரியாக் கதியாலை நாலடி இடைவெளியில் சதுரமாக நட்டு, கம்பி வலையோ கிடுகோ சுற்றினால் போதும். கதியால் தளிர்க்கும், அதன் குழையும் உள்ளே போகும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம் என்பதை விடச் சிறிதானால் குவியலுக்குள் சூடு நிற்காது. சபைகள் கொடுக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் பீப்பா இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் வெயிலில் வைத்தால் ஆடி மாதத்தில் உள்ளே எல்லாம் வறண்டு அப்படியே கிடக்கும்.

அடியில் அரையடி உயரத்துக்குச் சுள்ளி, தென்னை மட்டைத் துண்டு. இது காற்றுப் போக. அதன் மேல் அரையடி சருகோ வைக்கலோ, பிறகு இரண்டு அங்குலத்துக்கு குசினிக் கழிவு, மேலே ஒரு பிடி பழைய எரு அல்லது மண், திரும்பச் சருகு. தினமும் அளக்க வேண்டியதில்லை. ஒரு வாளி குசினிக் கழிவு கொட்டினால் இரண்டரை, மூன்று வாளி சருகு அதை மூட வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும். காரணம் இதுதான்: நுண்ணுயிர்களுக்குக் கரி (காபன்) ஏறத்தாழ 25 முதல் 30 பங்கும் நைதரசன் ஒரு பங்கும் வேண்டும். சருகிலும் வைக்கலிலும் கரி மிக அதிகம், குசினிக் கழிவிலும் மாட்டெருவிலும் கிளிசரியாக் குழையிலும் நைதரசன் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் குவியல் சூடேறும். ஆகவே முற்றம் கூட்டிய சருகை எரிக்காமல் கூட்டுக்குப் பக்கத்திலேயே உரப்பைகளில் சேர்த்து வையுங்கள். வேப்பம் சருகு, மாஞ்சருகு நல்லது. தேக்கிலை முழுதாகப் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு தண்ணீரையும் காற்றையும் தடுக்கும், நொறுக்கிப் போடுங்கள். பனையோலையும் தென்னோலை ஈர்க்கும் உக்க நாள் எடுக்கும், அவற்றை அடுப்புக்கோ வேலிக்கோ விட்டுவிடலாம்.

ஈரம் எவ்வளவு? குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து காயப்போட்ட துணி போலக் கையில் ஈரம் ஒட்ட வேண்டும். தண்ணீர் சொட்டினால் கூடிவிட்டது. வன்னியில் ஆண்டு முழுதும் ஒரே கவனிப்பு ஒத்துவராது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று குவியலை உறிஞ்சிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீரை அதற்கே ஊற்றுங்கள், வாழைத் தண்டை அரிந்து இடையிடையே வையுங்கள், மேலே ஈரச் சாக்கால் மூடுங்கள். வறண்ட குவியலில் முதலில் எறும்பு வரும், பிறகு கறையான் வந்து சருகைத் தின்று மண்ணாக்கிவிடும். அதற்கு மருந்தடிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் புரட்டினாலே போய்விடும். ஐப்பசிக்குப் பிறகு நிலைமை தலைகீழ். மழையில் நனைந்த குவியல் காற்றில்லாமல் அழுகி நாறும், சத்தும் கரைந்தோடும். கிடுகுக் கூரையொன்று போட்டு, சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டுங்கள்.

சரியாகக் கட்டிய கூடு மூன்று நான்கு நாளில் கையை வைக்க முடியாத சூட்டுக்கு வரும். 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாள் நின்றால் களை விதைகளில் பெரும்பகுதி செத்துப்போகும். ஆனால் குசினிக் கழிவை நாளுக்கு நாள் சேர்க்கும் வீட்டுக் கூடு அவ்வளவு சூட்டை நெடுநாள் பிடித்து நிற்காது. ஆகவே பார்த்தீனியம் பூத்துவிட்டால் உள்ளே போட வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் முதலில் அறியப்பட்ட அந்தச் செடி இன்று வன்னி முழுக்கப் பரவிக் கிடக்கிறது, கூட்டெருவோடு தோட்டத்துக்குள் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. பூக்கும் முன் கையுறையோடு பிடுங்கியதை மட்டும் போடலாம்.

சூடு தணிந்ததும், ஏறத்தாழ இரண்டு மூன்று கிழமைக்கொரு தரம், புரட்டுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம் உக்கும் எருவும் உக்கிய தென்னங் குற்றியும். புரட்டும்போது வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்கள் தெரியும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். புரட்டாத குவியல் உங்கள் தென்னைக்கும் அயலவர் தென்னைக்கும் வண்டு வளர்க்கும் இடமாகிவிடும். சிறிய, சாம்பல் நிறத் தட்டைப் புழுக்கள் குசினிக் கழிவில் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை கழிவை விரைவாகத் தின்னும் ஒரு வகை ஈயின் புழுக்கள். கிளறும் வேலையைக் கையால் செய்யாதீர்கள். எலி தேடி வரும் புடையன் சருகுக்குள் சுருண்டு கிடக்கும்.

மீன் குடல், இறைச்சி எலும்பைக் கூட்டின் மேலே போட்டால் நாயும் உடும்பும் அன்றிரவே கிளறிவிடும், காட்டுப்பன்றி வரும் பக்கங்களில் கூடே மிஞ்சாது. அவற்றை வாழைக்கோ தென்னைக்கோ பக்கத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். யானை நடமாடும் ஊர்களில் பலாச்சக்கை, வாழைத்தண்டு, வத்தகப்பழத் தோல் வெளியே மணக்கக் கிடக்கக் கூடாது. வெட்டிய உடனேயே உள்ளே போட்டு மண்ணால் மூட வேண்டும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனோடு சேர்த்துத் தின்று செத்ததை நாடே பார்த்தது.

தேங்காய் மட்டையைக் கூட்டுக்குள் போடுவதை விட, தென்னையைச் சுற்றி அரைவட்டக் குழி வெட்டி, குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கடுக்காக வைத்து மண்ணால் மூடுங்கள். கோடையில் ஈரத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும். மூடாமல் முற்றத்தில் விட்ட மட்டையும் சிரட்டையும் யோகட் கோப்பையும் முதல் மழையோடு நுளம்புக்குத் தொட்டிலாகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு கிழமைதான். முட்டையோ காய்ந்த கோப்பைச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே மழை தொடங்குமுன் கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

சித்திரை, வைகாசியில் தொடங்கிய கூடு, தண்ணீர் தவறாவிட்டால், ஆவணி, புரட்டாதியில் கறுத்து மண்வாசனை வரும். காலபோகத்துக்கு முந்திய மிளகாய், கத்தரி நாற்றுமேடைக்கு அதைவிட நல்ல எரு காசு கொடுத்தும் கிடைக்காது. இன்னும் சூடாக இருந்தாலோ புளித்த மணம் வந்தாலோ போடாதீர்கள், இளவேர் கருகும்.

உலர்ந்த குப்பைக்கு வருவோம். பிளாஸ்ரிக் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 தண்ணீர், சோடாப் போத்தல். 2 சம்பூ, எண்ணெய்க் கான். 5 ஐஸ்கிரீம் டப்பா, பல போத்தல் மூடிகள். இந்த மூன்றையும்தான் வாங்குபவர் கேட்பார். 6 யோகட் கோப்பை, ரெஜிபோம், எடுப்பவர் குறைவு. 3 பிவிசி, மற்றவற்றோடு கலந்தால் முழுத் தொகுதியையும் கெடுக்கும், தனியே வையுங்கள். எண் தேய்ந்திருந்தால் சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 தாழும். உள்ளே காற்றில்லாத கெட்டித் துண்டாக இருக்க வேண்டும், ரெஜிபோம் மட்டும் எப்போதும் மிதக்கும்.

நல்ல தண்ணீரை வீணாக்கிக் கழுவ வேண்டாம், பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீர் போதும். மூடியைக் கழற்றி வேறாகப் போட்டு, போத்தலை மிதித்துத் தட்டையாக்குங்கள். பைகளை வெயில் படாமல் நிலத்திலிருந்து உயர்த்தித் தொங்கவிடுங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் நொறுங்கி மீள்சுழற்சிக்கு உதவாமல் போகும். பழைய தறப்பாளும் உரப்பையும் இதில் முக்கியம். கூரையிலும் வேலியிலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் இழை இழையாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும், பிறகு யாராலும் பொறுக்க முடியாது. உதிரத் தொடங்குமுன் கழற்றிச் சுருட்டிச் சேர்த்து வையுங்கள்.

கண்ணாடிப் போத்தலை உடைக்காதீர்கள். முழுப் போத்தலுக்குக் கழுவித் திரும்ப நிரப்பும் விலை உண்டு. உடைந்தது உருக்கத்தான் உதவும், அதைத் தடித்த மட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். மட்டைப்பெட்டியும் கொப்பித்தாளும் நனைந்துவிட்டால் விற்க முடியாது. ரேப்பைக் கிழித்தெடுத்துவிட்டுக் கூட்டெருவுக்குச் சருகுக்குப் பதிலாகப் போடலாம்.

சொப்பிங் பாக் சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் சில இடங்களில் எடுப்பார்கள். கறி ஒட்டிய தாளை யாரும் எடுக்கமாட்டார்கள். உட்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் பால்மா, பிஸ்கற் பக்கெற் பல படைகளை ஒட்டிச் செய்தது, அதைப் பிரித்து மீள்சுழற்சி செய்ய நம்மிடம் வசதியில்லை. நாற்றுப் பையாக ஒரு தரம் பாவிக்கலாம், நடும்போது கழற்றி எடுத்துவிட வேண்டும். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகளையும் வீட்டுக் கூட்டுக்குள் போடாதீர்கள், அவை உக்கப் பெரிய ஆலைக் குவியலின் நீடித்த சூடு வேண்டும். இந்த வகைக்குச் சரியான மருந்து வீட்டுக்குள் வரவிடாததுதான். மீன் வாங்க உமல், கடைக்குத் துணிப்பை, கோயில் அன்னதானத்துக்கு வாழையிலை அல்லது குளத்துத் தாமரையிலை. ஒரு திருவிழாவில் விழும் லஞ்ச் சீற் ஒரு குறிச்சியே ஆண்டு முழுதும் சேர்ப்பதை மிஞ்சக்கூடும். அதை உப்புச்சுவைக்காகத் தின்னும் கட்டாக்காலி மாடுகளின் இரைப்பையில் அது கட்டியாகத் தங்கி, தீனெடுக்காமல் மெலிந்து சாகின்றன.

வயல் மருந்துப் போத்தலை வீட்டுப் பிளாஸ்ரிக்கோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். மருந்து ஊற்றி முடிந்ததும் காற்பங்கு தண்ணீர் விட்டு, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றுங்கள். மூன்று தரம். பிறகு அடியில் துளையிட்டுவிடுங்கள், யாரும் மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்காதபடி. வாய்க்காலில் எறிந்தது குளத்துக்கும் கடல்நீரேரிக்கும்தான் போய்ச் சேரும். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு வந்து சுண்டிக்குளம் கடல்நீரேரியில் முடிவதை நினைத்தால் போதும். கழுவிய போத்தல்களைத் தனிப் பையில் பூட்டி வைத்து, மருந்து வாங்கிய கடையிலும் கமநல சேவை நிலையத்திலும் திரும்ப எடுப்பார்களா என்று கேளுங்கள்.

வாகன, சூரியமின் பற்றரிக்கு நல்ல விலை உண்டு, உடைத்து ஈயம் உருக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். சுருள் மின்குமிழில் பாதரசம் இருக்கிறது, உடையாமல் பழைய பெட்டியில் வையுங்கள். இன்சுலின் ஊசிகளைத் தடித்த போத்தலில் மூடி, கிளினிக்குக்குப் போகும்போது கொடுங்கள்.

பம்பேர்சும் மாதவிடாய் அணையாடைகளும்தான் இதில் மிகக் கடினம். சபை எடுக்காத ஊரில் முழுத் தீர்வு கிடையாது. வீட்டில் இருக்கும் நேரத்திலாவது துணி கட்டினால் அளவு பாதியாகும். மிச்சத்தின் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால், மழைநீர் ஓடாத மேட்டில், மூன்றடி அகலம், நாலடி ஆழக் கிடங்கில் இட்டு, ஒவ்வொரு முறையும் மண் தூவி, மேலே பலகையால் மூடுங்கள். கடைசி ஒன்றரையடியை மண்ணால் நிரப்பி மூடிவிட வேண்டும். மணல் நிலத்தில் இதுகூடச் சரிவராது. அங்கே கட்டிவைத்து, உழவு இயந்திரம் வரும் வீதிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதே வழி.

உலர்ந்ததை யார் எடுப்பார்கள் என்பது கடைசிச் சிக்கல். ஒரு கிலோ வரப் பெரிய போத்தல் முப்பதுக்குக் குறையாமல் வேண்டும். மிதித்துத் திணித்தாலும் ஓர் உரப்பையில் மூன்று நான்கு கிலோவுக்கு மேல் அடங்குவது கடினம். உருக்கும் ஆலைகள் பெரும்பாலும் தெற்கில். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே சைக்கிளில் வரும் வியாபாரி உங்கள் ஒரு பைக்குக் கொடுக்கும் சொற்ப விலையைப் பார்த்து அவரைக் குறைசொல்ல முடியாது, காற்றை ஏற்றிச்செல்லும் செலவு அது. முப்பது நாற்பது வீடு சேர்ந்தால் கணக்கு மாறும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ மழை படாத ஒரு கொட்டிலைக் கொடுத்து, மாதத்தில் ஒரு நாளைக் குறிக்கட்டும். அன்று ஒவ்வொரு வீடும் வகை பிரித்த பைகளைக் கொண்டுவரட்டும், பிரிக்காத பையைத் திருப்பி அனுப்புங்கள். முதல் இரண்டு மாதம் இதில் இளகினால் கொட்டில் குப்பைமேடாகிவிடும், பிறகு சங்கத்துக்கே கெட்ட பெயர்.

வாங்குபவரிடம் முன்கூட்டியே நான்கு விடயம் கேளுங்கள்: எந்த எண் பிளாஸ்ரிக் எடுக்கிறார், மூடியும் சுற்றுத்தாளும் கழற்ற வேண்டுமா, ஏற்ற வருவதற்குக் குறைந்தது எத்தனை கிலோ, யாருடைய தராசு. கொழும்பிலிருந்து கடைச்சாமான் இறக்கிவிட்டு ஏ9 வழியே பாதி வெறுமையாகத் திரும்பும் லொறிகளிடம் திரும்பு பயணக் கூலியைப் பேசிப் பார்க்கலாம். பிரதேச சபைக்கும் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு படலைக்கும் வேண்டாம், மாதம் ஒருமுறை இந்தக் கொட்டிலுக்கு மட்டும் வண்டி வந்து, விற்க முடியாத மிச்சத்தை எடுத்தால் போதும் என்று. எண்ணெயும் ஆளும் குறைந்த சபைக்கு நாற்பது படலையை விட ஒரு கொட்டில் எளிது, அதனால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.